சுவருக்குக் கம்பிவலைப் பூச்சு
எந்தச் சுவருக்குப் போடலாம்? எப்படிப் போட வேண்டும்?

காவிரிக்குத் தென்கரையில் பொன்மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும் பழைய உழவர் வீடுகள் இன்னும் பல உள்ளன. செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர், மேலே ஓட்டுக் கூரை, உள்ளே நெல் வைக்க ஓர் அறை, பின்புறம் மாட்டுக் கொட்டகை என்பது அவற்றின் அமைப்பு. இச்சுவர்கள் வெயிலில் நன்றாகவே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில்தான் அவற்றுக்குச் சோதனை. 1977 நவம்பரில் திருச்சியைத் தாக்கிய புயல் வெள்ளத்தை இப்பகுதிப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சுவரில் வெடிப்பு கண்டதும் கொத்தனாரை அழைத்து மேலே சிமெண்டு பூசச் செய்வது வழக்கம். ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்து, வெடிப்பு மறுபடி தெரியும். இதற்கு மாற்றாக இப்போது கம்பிவலை வைத்துப் பூசுவது பரவி வருகிறது. முறையாகச் செய்தால் இது நல்ல முறைதான். ஆனால் எல்லாச் சுவர்களுக்கும் இது ஏற்றதன்று. ஏற்காத சுவருக்குப் பூசினால், உள்ளே சுவர் இற்றுப்போவது வெளியே தெரியாமல் மறைந்துவிடும். ஆகவே பொருள் வாங்குமுன் சுவரை அறிந்துகொள்ள வேண்டும்.

வலை என்ன வேலை செய்கிறது?

சிமெண்டுக் கலவை அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்காது, வெடித்துவிடும். இரும்புக் கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மெல்லிய கம்பி நெருக்கமாகப் பரவியிருப்பதால், ஒரே இடத்தில் அகன்று பிளக்க வேண்டிய வெடிப்பு மயிரிழைகளாகப் பிரிந்து அடங்கிவிடுகிறது.

பிரான்சு நாட்டில் லாம்போ என்பவர் 1848-இல் கம்பிவலையில் சிமெண்டு பூசிப் படகு கட்டினார். அது 1855-இல் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1940-களில் இத்தாலியப் பொறியாளர் நெர்வி இம்முறைக்குப் புத்துயிர் அளித்தார். ஃபெரோசிமெண்டு என்று பெயர் பெற்ற இதை நம் நாட்டில் சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனங்கள் ஆராய்ந்து வளர்த்தன. தண்ணீர்த் தொட்டி, தானியக் குதிர், சாண எரிவாயுக் கலன் ஆகியவை இம்முறையில் செய்யப்பட்டன. ஃபெரோசிமெண்டுத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு 1992-இல் இந்தியத் தர அளவு ஒன்றும் வெளியிடப்பட்டது.

1993 செப்டம்பர் 30-இல் மகாராட்டிர மாநிலம் லாத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், மண் சாந்தில் கட்டிய கல் வீடுகள் இடிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னும், 2001-இல் குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின்னும், எஞ்சி நின்ற பழைய வீடுகளை வலுப்படுத்த வலைப்பூச்சு பயன்பட்டது. பழைய கட்டடங்களை வலுப்படுத்துவதற்கான இந்தியத் தர வழிகாட்டியிலும் இம்முறை இடம்பெற்றுள்ளது. கீழே சொல்லப்படும் செய்முறை அந்த வழியை ஒட்டியதே.

முதலில் மூன்று சோதனைகள்

இவற்றுக்குப் பணம் தேவையில்லை. புரட்டாசி மாதத்துக்குள் செய்துவிட்டால் மழைக்காலத்தில் சுவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

1. தூக்குச் சோதனை: சுவரின் உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கயிற்றுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், அதாவது தன் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் சாய்ந்திருந்தால், பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் எந்தப் பூச்சும் போட வேண்டாம். அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டு யாரையும் படுக்க வைக்கவும் வேண்டாம்.

2. கண்ணாடிச் சோதனை: வெடிப்பின் குறுக்கே விரல் நீளமுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டுங்கள். பக்கத்தில் தேதியை எழுதுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி முழுதாக இருந்தால் வெடிப்பு நின்றுவிட்டது எனலாம். உடைந்திருந்தால் அடித்தளம் இன்னும் அசைகிறது என்று பொருள். நனைந்தால் வீங்கிக் காய்ந்தால் சுருங்கும் களிமண் நிலத்தில் இது அடிக்கடி நேரும். சுவரை ஒட்டிய பெரிய மரம், கசியும் தண்ணீர்த் தொட்டி, பெருச்சாளி வளை ஆகியவையும் காரணமாகலாம். காரணத்தை நீக்காமல் பூசினால், வெடிப்பு வேறோர் இடத்தில் வரும்.

3. ஈரச் சோதனை: சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உவர் பூத்திருக்கிறதா? பழைய பூச்சு மாவாக உதிர்கிறதா? மழை நின்று இரண்டு மாதம் ஆன பின்னும் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறதா? அப்படியானால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்த ஈரத்தை முதலில் தடுக்க வேண்டும்.

எந்தச் சுவருக்கு ஏற்றது?

செங்கல்லை மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டிய, நேராக நிற்கும், அடி உலர்ந்த சுவருக்கு வலைப்பூச்சு ஏற்றது. கருங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டிய சுவருக்கும் ஏற்றதே. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடம், செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடம், மின்கம்பிக் குழாய்க்காக வெட்டிய பள்ளம் ஆகியவற்றுக்கு ஓரடி அகலக் கோழிவலைப் பட்டை போதும். அங்கே சுவர் முழுவதும் வலை போடுவது வீண் செலவு.

எந்தச் சுவருக்குப் போடக் கூடாது?

முழு மண்சுவருக்குப் போடக் கூடாது. இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மண்சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். மேலே சிமெண்டுத் தோல் போர்த்திவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லை. கூரை ஓரத்திலும் அடிப்பகுதியிலும் புகும் நீர் உள்ளேயே தங்கிச் சுவரைச் சேறாக்கும். வெளியே பூச்சு பளபளப்பாகவே இருக்கும். ஒரு நாள் பூச்சோடு சேர்ந்து சுவர் உட்காரும். மண்சுவருக்குச் சுண்ணாம்பு கலந்த மண் பூச்சே பாதுகாப்பானது. இறவாணத்தை இரண்டடி வெளியே நீட்டி, அடித்திண்ணையை உயர்த்தினால் மண்சுவர் பல காலம் நிற்கும்.

மண்ணையோ மழைநீரையோ முட்டுக்கொடுத்து நிற்கும் மதிலுக்கும் இது உதவாது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து வீடுகள்மீது விழுந்ததில் 17 பேர் உயிரிழந்தனர். பின்னால் நிற்கும் நனைந்த மண்ணின் பாரத்தை ஓர் அங்குலப் பூச்சால் தடுக்க முடியாது. அத்தகைய மதிலுக்கு வேண்டியவை சரியான அடித்தளமும், நீர் வடியும் துளைகளுமே.

பூச்சின் எடையையும் மறக்கக் கூடாது. மூன்று செ.மீ. கனமுள்ள பூச்சு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ இருக்கும். பத்துச் சதுர மீட்டர்ச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் பூசினாலே, 60 கிலோ நெல் மூட்டைகள் பதினொன்றை அதன்மீது தொங்கவிடுவதற்குச் சமம். தள்ளாடும் சுவர் இந்தப் பாரத்தை எப்படித் தாங்கும்?

தேவையான பொருட்கள்

பத்துச் சதுர மீட்டர் (சுமார் 108 சதுர அடி) பரப்பில் ஒரு பக்கம், மூன்று செ.மீ. கனத்துக்குப் பூச:

சிமெண்டு: 3½ மூட்டை
மணல்: 13 கன அடி
துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ் வலை (50 மி.மீ. கண், 14 கேஜ் கம்பி): 11½ சதுர மீட்டர்
ஆறு அங்குல ஆணி: 120
கட்டுக்கம்பி: அரை கிலோ
சுவரின் ஊடே கட்ட 10 கேஜ் ஜி.ஐ. கம்பி: தேவைக்கேற்ப

வலை: துத்தநாகம் பூசிய புதிய வலையையே வாங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் துருப்பிடித்த வலை வேண்டாம். இரும்பு துருவாக மாறும்போது பருத்து, பூச்சை உள்ளிருந்து வெளியே தள்ளிவிடும். கோழிவலை பட்டை போடவும், சில்லறைப் பழுது பார்க்கவும் போதும். சுவரை வலுப்படுத்த வெல்டு மெஷ் வலைதான் வேண்டும்.

மணல்: ஆற்று மணல் எளிதாகக் கிடைக்காத இக்காலத்தில் பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்டைப் பயன்படுத்தலாம். எதுவானாலும் தூசி அதிகம் இருக்கக் கூடாது. கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும், முக்கால் அளவுக்குத் தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். பத்து செ.மீ. மணலுக்கு மேல் எட்டு மி.மீ.க்கு அதிகமாக வண்டல் படிந்தால் அந்த மணலைக் கழுவ வேண்டும். இந்த உப்பு சோதனைக்கு மட்டுமே. கலவையில் உப்புப் படக் கூடாது.

தண்ணீர்: குடிக்கத் தக்க நீராக இருக்க வேண்டும். உவர் கிணற்று நீர் வலையை அரிக்கும்.

செய்முறை

காலம்: சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்கள் சிறந்தவை. சுவர் உலர்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இராது. அடைமழையிலும் அக்கினி நட்சத்திர வெயிலிலும் பூசக் கூடாது.

ஈரம் தடுத்தல்: சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டி, வெளித்தரையை உள்தரையைவிட அரையடியாவது தாழ்த்துங்கள். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, வெளிப்புறம் சாய்வாக, கான்கிரீட் தளம் போடுங்கள். கூரை நீர் அதன்மேல் விழுந்து ஓடிவிடும். பெருச்சாளி சுவரடியில் வளை தோண்டவும் இத்தளம் இடம் தராது. இதன் பின் ஒரு கோடைக்காலம் சுவரை உலர விடுவது நல்லது.

சுவரைத் தயாரித்தல்: ஓட்டின் பாரம் தாங்கும் உத்தரங்களுக்கு முட்டுக்கொடுத்த பின்பே வேலை தொடங்க வேண்டும். பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுங்கள். செங்கல் இணைப்புகளில் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மண் சாந்தைச் சுரண்டி, தூசியைத் துடைப்பத்தால் நீக்குங்கள். மண் சாந்துச் சுவரில் குழாயால் நீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, தெளித்து நனைத்தால் போதும். ஆணி இறங்க வேண்டிய இடங்களில் ஓரடிக்கு ஒன்றாக முன்கூட்டியே துளையிட்டுக் குச்சி செருகி வைத்தால், பின்னால் ஆணி அடிக்கும்போது சுவர் அதிராது. இருபுறமும் பூசுவதானால், இரண்டு முதல் மூன்று அடிக்கு ஒன்றாகச் சுவரின் ஊடே துளையிட்டு ஜி.ஐ. கம்பியை நுழைத்து வையுங்கள்.

முதல் பூச்சு: ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு மணல். உலர்ந்த நிலையில் நன்றாகப் புரட்டிய பின்பே தண்ணீர் சேருங்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 22 லிட்டர் அளவுக்கு மேல் நீர் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். தளர்ந்த கலவை பூச எளிது, ஆனால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். அரைமணி நேரத்தில் தீரக்கூடிய அளவே கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் நீர் விட்டு மீண்டும் குழைக்கக் கூடாது. சுவரில் சிமெண்டுப் பால் அடித்து, அது காயுமுன் இணைப்புகள் நிரம்பும்படி ஒன்றரை செ.மீ. கனத்துக்குப் பூசுங்கள். மணியாஸ் கட்டையால் வழவழப்பாக்க வேண்டாம். கரணை முனையால் கீறிச் சொரசொரப்பாக விடுங்கள்.

வலை பொருத்துதல்: முதல் பூச்சு பச்சையாக இருக்கும்போதே வலையை விரித்து ஆணி அடித்து, ஆணித் தலையை வலைக் கம்பிமேல் மடக்குங்கள். ஒரு வலையின் மேல் அடுத்த வலை ஓரடி ஏறி நிற்க வேண்டும். அந்த இடத்தைக் கட்டுக்கம்பியால் முடியுங்கள். சுவர் மூலையில் வலையை வெட்டாதீர்கள். மடக்கி அடுத்த சுவரில் ஓரடி கொண்டுபோங்கள். சுவர்கள் பிரிவது மூலையில்தான் தொடங்குகிறது. ஊடே நுழைத்த கம்பியால் உள்வலையையும் வெளிவலையையும் சேர்த்து முறுக்கிக் கட்டி, துளையைக் கலவையால் அடையுங்கள். வலை தளர்ந்து தொங்கினால் அதனால் பயனில்லை. தட்டினால் அசையாதபடி இருக்க வேண்டும். வலையின் அடிமுனை மண்ணைத் தொடக் கூடாது. சுவரடித் தளத்துக்கு மேல் அரையடியில் நிற்கட்டும்.

இரண்டாம் பூச்சு: மறுநாள், முதல் பூச்சை நனைத்துச் சிமெண்டுப் பால் அடித்து, வலைக்கு மேல் ஒன்றரை செ.மீ. கனத்துக்குப் பூசுங்கள். கலவையைக் கண்களுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும். வலையில் ஒரு கம்பிகூட வெளியே தெரியக் கூடாது. தெரியும் இடத்தில்தான் முதல் துரு பிடிக்கும்.

நனைத்தல்: பதினான்கு நாள் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காலை, பகல், மாலை நீர் தெளியுங்கள். முதல் மூன்று நாள் மிகவும் முக்கியம். நாற்றங்காலைக் காயவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பூச்சும் அப்படித்தான்.

செலவைக் குறைக்க

முழுச் சுவருக்கும் வசதியில்லை என்றால் பட்டையாகப் போடலாம். கதவு, ஜன்னல் நிலைகளுக்கு மேலே ஒரு பட்டை, கூரைக்குக் கீழே ஒரு பட்டை, மூலைகளில் செங்குத்தாக ஒரு பட்டை. ஒவ்வொன்றும் ஓரடி அகலம் இருக்கட்டும். வெளிப்புறமும் உட்புறமும் வீட்டைச் சுற்றி விட்டுப் போகாமல் தொடர வேண்டும். பெட்டியைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டுவதுபோல் இவை நான்கு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும்.

நெல் அறை, உர அறை, மாட்டுக் கொட்டகை

நெல் அறைக்கு உள்ளேயும் வெளியேயும் வலைப்பூச்சு போட்டால் எலி சுவரைக் குடைய முடியாது. வெடிப்புகள் அடைபடுவதால் பூச்சி தங்க இடமும் குறையும். ஆனால் கதவின் கீழ் ஒரு விரல் இடைவெளி இருந்தால் இவ்வளவு வேலையும் வீண். கதவின் அடியில் தகடு அடியுங்கள். நெல் மூட்டைகளைக் கட்டைமேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள்.

உர மூட்டைகளைச் சுவரில் சாய்க்கக் கூடாது. பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு ஈரத்தோடு பூச்சுக்குள் இறங்கினால் வலை துருப்பிடிக்கும். அம்மோனியம் சல்பேட்டு சிமெண்டையே அரிக்கும். நெல்லையும் உரத்தையும் ஒரே அறையில் வைப்பதும் தவறு.

மாட்டுக் கொட்டகைச் சுவரின் அடியில் கோமியம் தேங்கினால் உவர் பூக்கும். தரையில் வடிகால் விட்டு, சுவரடியைத் தினமும் கழுவுங்கள்.

பின் கவனிப்பு

ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு நாணயத்தால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வந்தால் நல்லது. பொள்ளலாக ஒலித்தால் அந்த இடத்தில் பிடிப்பு விட்டிருக்கிறது. அதைச் சதுரமாக வெட்டி எடுத்து மீண்டும் பூச வேண்டும். பழுப்புக் கறை கண்டால் வலை துருப்பிடிக்கிறது. நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடி அடையுங்கள். கூரை ஓடு ஒன்று நகர்ந்திருந்தாலும் அதுவே காரணமாகலாம்.

உழவர் பெருமக்களே! கொத்தனாரிடம் பேசுமுன் ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கண்ணாடித் துண்டு ஆகியவற்றைக் கொண்டு உங்கள் சுவரை நீங்களே சோதியுங்கள். சோதனையில் தேறிய சுவருக்குத் தை மாதத்தில் வலைப்பூச்சு போடுங்கள். தேறாத சுவரைப் பூசி மறைக்காமல், பிரித்துக் கட்டுங்கள். அதுவரை அதன் அருகே குழந்தைகளையும் கால்நடைகளையும் விடாதீர்கள்.